மூன்று மணிச் சோறு

"எனக்கு எண்ண வரல சாமி," என்றான் ஆவுடையப்பன்.

சாமி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எத எண்ண?"

"கலோரிய."

"அது எங்க இருக்கு?"

"சோத்துக்குள்ள இருக்காம். இட்லிக்குள்ள இருக்காம். குடிக்கிற காப்பிக்குள்ளயும் இருக்காம். கண்ணுக்குத் தெரியாதாம். ஆனா எண்ணணுமாம்."

"கடவுளப் பத்தியும் இப்படித்தான் சொல்லுதானுவ," என்றார் சாமி.

சங்கரன்கோவில் ரோட்டில் தகரக் கூரை போட்ட சின்ன மடம் அது. மத்தியானம் யார் வந்தாலும் ஒரு பந்தி சோறு உண்டு. மடத்துச் சாமிக்கு ஏதோ ஒரு நல்ல பெயர் இருந்தது. ஊர் அதை மறந்து ரொம்ப நாளாகிறது. தொந்திச் சாமி என்றால்தான் தெரியும். அவர் வருவதற்கு முன்னால் அவர் வயிறு வந்துவிடும்.

நிலத்தகராறுக்காரர்கள் அவரைத் தேடி வந்திருக்கிறார்கள். பிள்ளை இல்லாதவர்கள் வந்திருக்கிறார்கள். மருமகளோடு ஒத்துப்போகாதவர்கள் வந்தபடியே இருக்கிறார்கள். உடம்பு இளைக்க வழி கேட்டு அந்த வயிற்றின் முன்னால் வந்து உட்கார்ந்த முதல் ஆள் ஆவுடையப்பன்தான்.

அவன் சாமியைவிட நாலைந்து வயது மூத்தவன். எடைமேடையில் வேலை. சரக்கு லாரி மேடையில் ஏறும். எடை பார்த்துச் சொல்லி அனுப்புவான். மனைவி வடிவு இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவள் போன பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் மடத்துக்கு வந்து காய் நறுக்கிக் கொடுக்க ஆரம்பித்தான். பேச மாட்டான். சாமியும் கேட்க மாட்டார்.

பந்திக்கு இலை போடும் நேரம் எழுந்துவிடுவான்.

"சாப்ட்டுட்டுப் போம்வே," என்பார் சாமி.

"வீட்டுல சோறு இருக்கு சாமி," என்பான். போய்விடுவான்.

ஒரு வருஷமாக அதற்கு மேல் வாய் திறக்காதவன் இன்றைக்குத் திறந்தது கலோரிக்காக.

"எதுக்கு எண்ணணும்?" என்று கேட்டார் சாமி.

ஆவுடையப்பன் சட்டையை விலக்கி அடிவயிற்றைக் காட்டினான். எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு.

"குடல் பிதுங்கி நிக்கி. ஆபரேஷன் பண்ணணுமாம். ஆனா இந்த உடம்புல கத்தி வச்சா தையல் நிக்காது, கொஞ்சம் குறைச்சிட்டு வாங்கங்காரு டாக்டர். நிறைய வேண்டாமாம். கொஞ்சம் குறைச்சா போதுமாம்."

"குறைக்கலேன்னா?"

"அதுக்குள்ள குடல் சிக்கிக்கிட்டா அழுகிப் போயிருமாம். பெறகு ஆள் தேறுறது கஷ்டமாம்."

"அப்ப எண்ண வேண்டியதுதான?"

"அதத்தான் சொல்லுதேன் சாமி. வரல."

கோயமுத்தூரில் இருக்கும் மகள் செண்பகம் போன வாரம் வந்து அவன் செல்போனில் ஒரு ஆப்பைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். சாப்பிடுவதை எல்லாம் அதில் தட்ட வேண்டும். அது கூட்டிச் சொல்லும். எல்லை தாண்டினால் சிவப்பாகும்.

ஆவுடையப்பன் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தான். சோறு என்று தட்டினான். எத்தனை கிண்ணம் என்று கேட்டது. எந்தக் கிண்ணம்? வீட்டில் ஏழெட்டுக் கிண்ணம் இருக்கிறது, ஒன்றுபோல் ஒன்று இல்லை. குழம்பு என்று தட்டினான். எந்தக் குழம்பு என்று கேட்டது. சுண்டவத்தல் என்று தட்டினான். அது ஏதோ சீமைப் பழத்தின் படத்தைக் காட்டி, இதுவா என்று கேட்டது.

இட்லிக் கடையில் போய், ஒரு இட்லிக்கு எவ்வளவு மாவு ஊத்துறீங்க என்று கேட்டுவிட்டான். கடைக்காரர் இட்லி சிறுத்துவிட்டது என்று சண்டைக்கு வந்திருக்கிறான் என நினைத்து எகிறினார்.

மூன்றாம் நாள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட்டான்.

எல்லாம் கேட்டுவிட்டு சாமி வெங்காயச் சருகை ஊதித் தள்ளினார்.

"ஒரு லாரி ஒம்ம மேடையில ஏறுது. எடை கூட இருக்கு. லாரியத் திட்டுவீரா?"

"லாரி என்ன செய்யும் சாமி? சரக்குல்லா கூட."

"சரக்கு யாரோடது?"

"அது லாரிக்காரனுக்குத்தான் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்?"

"இப்ப நீருதான் லாரிக்காரன்," என்றார் சாமி. உரித்த வெங்காயத்தை அள்ளிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டார்.

ஆவுடையப்பனுக்குக் கோபம் வந்தது. உயிர் போகிற காரியத்தோடு வந்தால் விடுகதை போடுகிறார். ஒரு ஆளுக்கு ரெண்டு ஆள் கனம் இருந்துகொண்டு இவர் என்ன எனக்குச் சொல்வது என்று நடந்தான்.

அன்றைக்கும் பந்திக்கு நிற்கவில்லை.

*

பிறகு அவன் தன் புத்திப்படி சில காரியங்கள் செய்து பார்த்தான்.

ராத்திரிச் சாப்பாட்டை விட்டான். காப்பிக்குச் சர்க்கரையை விட்டான். விடிகாலையில் ரோட்டோரம் நடந்தான். நாய்கள் துரத்தின, அது நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டான். மத்தியானச் சாப்பாட்டில் மட்டும் கை வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை என்று யாராவது கேட்டிருந்தால் அவனுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

எடை அசையவில்லை.

ஒரு நாள் மேடையில் நின்ற லாரியின் சக்கரத்தடியில் கட்டையை வைக்கக் குனிந்தவன் நிமிரவில்லை. அப்படியே மண்ணில் சாய்ந்தான். வாந்தி எடுத்தான். வேர்வை தண்ணீராக ஊற்றியது. டிரைவர்தான் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

டாக்டர் படுக்க வைத்து, பிதுங்கிய குடலை மெல்ல மெல்ல அமுக்கி உள்ளே தள்ளினார். அவருக்கே மூச்சு வாங்கியது.

"இந்தத் தடவை உள்ள போயிருச்சு," என்றார். "அடுத்த தடவையும் போகும்னு நான் சொல்ல மாட்டேன். சீக்கிரம் குறைச்சிட்டு வாங்க."

செண்பகம் போனில் கத்தினாள்.

"அம்மாவுக்கு நீங்க ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. நான் ஒருத்தியா அழுது தீத்தேன். இப்ப உங்களுக்கும் நானே அழணுமாப்பா?"



அவள் சொன்னது உண்மை. வடிவைத் தூக்கிக்கொண்டு போனபோது அவன் அழவில்லை. திரும்பி வந்தும் அழவில்லை. பதினாறாம் நாள் விசேஷத்தில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டான். சாவு விசேஷத்தில் சாப்பிட்டவர்கள் இலையை எதிர்ப்பக்கம் மடிப்பது வழக்கம். நல்ல காரியத்துக்குத்தான் தன்பக்கம் மடிப்பார்கள். அன்று பந்தி முழுக்க எதிர்ப்பக்கம் மடித்தது. ஆவுடையப்பன் மட்டும் தன்பக்கம் மடித்துவிட்டு எழுந்தான்.

சொந்தக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவம், நிதானத்தில் இல்லை என்று விட்டுவிட்டார்கள். செண்பகம்தான் ஓடிவந்து, வேறு யாரும் பார்ப்பதற்குள் அந்த இலையை எடுத்துக்கொண்டு போனாள்.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மடத்துக்கு வந்தவன் அரிவாள்மணையைத் தொடவில்லை. சாமியின் முன்னால் வந்து நின்றான். வெள்ளைப் பூசணிக்காய்க் கீற்றும் கையுமாக அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் செத்துப் போவேன்போல இருக்கு சாமி. நீங்க வெளையாடுறீங்க."

சாமி பூசணிக்கீற்றைக் கீழே வைத்தார்.

"உக்காரும்."

உட்கார்ந்தான்.

"நேத்து மத்தியானம் என்ன சாப்ட்டீரு?"

"சோறு. புளிக்குழம்பு. அவரைக்காப் பொரியல்."

"எத்தன தடவ?"

"ஒரு தடவதான்."

சாமி அவன் வயிற்றைப் பார்த்தார்.

"பெறகு மூணு மணிக்கு மறுபடியும் சாப்ட்டேன்," என்றான் ஆவுடையப்பன்.

"பசிச்சுதா?"

"பசிக்கல."

"ருசியா இருந்துதா?"

"நான் வச்ச குழம்புல என்ன சாமி ருசி."

"பின்ன?"

"சோறு இருந்துது. கொட்ட முடியுமா?"

"சரி. சோறு ஏன் இருந்துது?"

ஆவுடையப்பன் விழித்தான். இது என்ன கேள்வி? சோறு ஏன் இருக்கும்? ஆக்கினால் இருக்கும்.

சாமி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமான கேலி அதில் இல்லை.

"ஒரு வருஷமா நானும் சாப்பிடச் சொல்லுதேன். வீட்டுல சோறு இருக்கு, வீட்டுல சோறு இருக்குன்னு போறீரு. ஒத்தையா இருக்கிற ஆளுக்கு யாருவே ஆக்கி வச்சிட்டுக் காத்திருக்கா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நாளைக்கு மத்தியானம் ஒம்ம வீட்டுக்குச் சாப்பிட வாரேன்," என்றார் சாமி.

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாமி மடத்தை விட்டு யார் வீட்டுக்கும் போய்ச் சாப்பிட்டதில்லை.

"வடை பாயசத்தோட வச்சிருதேன் சாமி."

"ஒண்ணும் வைக்கக் கூடாது. நான் வாரேன்னு ஒரு பருக்க அரிசி கூடப் போடக் கூடாது. தினமும் என்ன போடுவீரோ அதுதான். கூடப் போட்டீரு, நான் இலையில உக்கார மாட்டேன்."

"பத்தாதே சாமி," என்றான். சொல்லும்போதே அவன் கண் அந்த வயிற்றுக்குப் போய்விட்டது.

"பத்தலேன்னா ரெண்டு பேரும் பட்டினி கிடப்போம். ஒமக்கும் அதுதான வேணும்?"

*

வீடு எடைமேடைக்குப் பின்னால் இருந்தது. ஒரு அறை, ஒரு அடுக்களை, பின்னால் கொஞ்சம் இடம். அறையில் சுவரோரம் ஒரு இரும்புக் கட்டில். வடிவு படுத்திருந்த கட்டில். அதில் இப்போது யாரும் படுப்பதில்லை. ஆனால் போர்வை மடித்து வைக்கப்பட்டு, தலையணை உறை துவைத்து மாட்டப்பட்டிருந்தது.

சாமி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். கட்டிலைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அதன் காலடியில், தரையில் உட்கார்ந்தார்.

"இங்க போடும் இலைய."

ஆவுடையப்பன் இரண்டு இலை போட்டான். அந்த வீட்டில் இரண்டு இலை சேர்ந்து விழுந்து எத்தனையோ காலமாயிற்று.

பயந்து பயந்துதான் பரிமாறினான். தன் இலையில் சோற்றைச் சும்மா பரப்பி வைத்தான், சாமிக்குப் போதாமல் போய்விடக் கூடாதே என்று. சாமி அதைப் பார்த்துவிட்டார்.

"தினமும் திங்கிறதப் போட்டுத் தின்னும்வே."

போட்டுக்கொண்டான்.

இருவரும் சாப்பிட்டார்கள். சாமி அவசரப்படவில்லை. குழம்புச் சோறு, பிறகு ரசம், பிறகு மோர். மோருக்கு அவர் கையை நீட்டியபோது ஆவுடையப்பன் சோற்றுப் பானைக்குள் அகப்பையை விட்டு வழித்தான். சரியாக அவருக்கு ஒரு கை இருந்தது. போட்டான்.

பானை காலி.

மத்தியானத்தில் அந்தப் பானை காலியாகி அவன் பார்த்ததில்லை. அவனுக்கு என்னவோபோல் இருந்தது. மூன்று மணிக்கு என்ன செய்வது என்று ஒரு எண்ணம் வந்துவிட்டுப் போனது.

"வயிறு நெறஞ்சிருச்சு," என்றார் சாமி. "ஒமக்கு?"

"எனக்கும் நெறஞ்சிருச்சு சாமி."

"எனக்காக எவ்வளவு கூடப் போட்டீரு?"

"கூட எதுவும் போடல சாமி. நீங்கதான் போடக் கூடாதுன்னீங்க."

"தினமும் போடுறதுதான்?"

"ஆமா. ரெண்டு தம்ளர் அரிசி. அதே தம்ளர்தான்."

"அப்ப நான் இப்பச் சாப்ட்டது யாரு சோறுவே?"

ஆவுடையப்பன் பானையைப் பார்த்தான். சாமியின் முதுகுக்குப் பின்னால் இருந்த கட்டிலைப் பார்த்தான்.

வெளியே ஒரு லாரி மேடையில் ஏறி இறங்கும் சத்தம் கேட்டது.

"எனக்குச் சமைக்கவே தெரியாது சாமி," என்றான் கடைசியில். "அவ படுத்த பெறகுதான் பழகினேன். இதுல படுத்துக்கிட்டே சொல்லிக் கொடுப்பா. ரெண்டு தம்ளர் போடுங்க, விரல் வச்சுத் தண்ணி பாருங்கன்னு. அந்த அளவு ஒண்ணுதான் எனக்குத் தெரியும்."

சாமி கட்டிலைத் திரும்பிப் பார்த்தார்.

"அவளுக்கு மூணு மணிக்குத்தான் மருந்து எறங்கித் தெளிவா இருப்பா. அப்பத்தான் ஊட்டுவேன். ரெண்டு வாய் வாங்குவா. போதும்னு சொல்லுவா. மீதிய நீங்க சாப்ட்டுருங்க, சோத்தக் கொட்டாதீங்க, தட்டக் காலி பண்ணிக் காட்டுங்கம்பா. தட்டு காலியா இருந்தா, அவளே சாப்ட்ட மாதிரி சிரிப்பா. பெறகு அந்த ரெண்டு வாயும் இல்லாமப் போச்சு. நான்தான் முழுசும் சாப்ட்டுக் காட்டுவேன்."

"அவ இளைச்சா. நீரு பெருத்தீரு."

"ஆமா சாமி."

அதை இதுவரை ஒருவரும் அவன் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. சொல்லிவிடுவார்களோ என்று பயந்துதான் அவன் ஆட்களை விட்டு விலகியே இருந்தான். இப்போது சொல்லியாகிவிட்டது. கூரை இடிந்து விழவில்லை.

"சரி. அவ போயிட்டா," என்றார் சாமி. "பெறகு?"

"பெறகும் மூணு மணி ஆகும்லா சாமி."

சாமி ஒரு கையைத் தரையில் ஊன்றி, அந்தப் பெரிய உடம்பைத் தூக்கி எழுந்து நின்றார். இலை விரித்தது விரித்தபடி கிடந்தது. அவர் கை கழுவப் பின்பக்கம் நடந்தார்.

"சாமி, இலைய மடிக்கலையே."

"என் இலையாவே அது?" என்றார் சாமி. திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

ஆவுடையப்பன் தன் இடத்திலிருந்து எழுந்து, கட்டிலின் காலடிக்கு வந்து, அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்தான்.

இலையில் ஒரு பருக்கை இல்லை. கறிவேப்பிலை ஒதுக்கி வைத்திருந்தது. அவ்வளவுதான்.

கை இலையின் எதிர் ஓரத்துக்குப் போனது. தன்பக்கம் இழுக்கப் போனது. பாதி தூக்கியபிறகு நின்றது. இலையை மறுபடியும் விரித்தான். ஒருமுறை உள்ளங்கையால் அதைத் தடவினான், காய்ச்சலுக்கு நெற்றி தொட்டுப் பார்ப்பதுபோல.

பிறகு தன்பக்கத்து ஓரத்தைப் பிடித்தான். எதிர்ப்பக்கமாக மடித்தான். மடிந்த இலையின் மேல் கையை வைத்து அழுத்தினான்.

பின்பக்கம் தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது. சாமி துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து வாசற்படியில் இறங்கினார்.

"சாமி."

நின்றார்.

"நாளைக்கு ஒரு தம்ளர்தான் போடுவேன்."

சாமி தலையசைத்தார்.

"நாளைக்கும் மூணு மணி ஆகும்லா சாமி? அப்ப நான் என்ன செய்ய?"

"அழும்வே," என்றார் சாமி.